போனில் கரகரப்பு, நெட்டில் நொண்டல்: அறிகுறி பார்த்துப் பழுது பிடிக்கும் வழி

நெட் மெதுவானதும் எல்லாரும் முதலில் கை வைப்பது மோடத்தின் பவர் பட்டனில்தான். அணைத்துப் போட்டால் பத்து நிமிடம் நன்றாக ஓடும். அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி. டெலிபோன் கம்பியில் வரும் பிராட்பேண்டுக்கு இந்த வைத்தியம் சில நேரம் நோயைவிட மோசமாகிவிடும். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். இப்போதைக்கு பட்டனை விட்டுவிட்டு, பரணில் கிடக்கும் வயர் வைத்த பழைய போனைத் தேடி எடுங்கள். நம்மிடம் இருப்பதிலேயே நல்ல சோதனைக் கருவி அதுதான்.

பேச்சும் இன்டர்நெட்டும் ஒரே ஜோடிச் செம்புக் கம்பியில்தான் வருகின்றன. பேச்சு 4 கிலோஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும். அதே கம்பியில் டேட்டாவை அனுப்பும் முறையான ஏடிஎஸ்எல் (டிஎஸ்எல் குடும்பத்தில் ஒன்று) அதற்கு மேலே, சுமார் 26 கிலோஹெர்ட்ஸில் தொடங்கி 1.1 மெகாஹெர்ட்ஸ் வரை போகிறது. அதன் வேகமான வகையான ஏடிஎஸ்எல்2 பிளஸ் என்றால் 2.2 மெகாஹெர்ட்ஸ் வரை. இன்னும் வேகமான விடிஎஸ்எல்2 பெரும்பாலும் 17 மெகாஹெர்ட்ஸையும் தாண்டும். காதுக்கே கரகரப்புக் கேட்கிற அளவுக்கு ஒரு ஜாயின்ட் கெட்டிருந்தால், மேலே ஓடும் டேட்டா தப்பிக்க வாய்ப்பில்லை. ஆனால் போன் சுத்தமாக இருப்பதால் மட்டும் லைன் சுத்தம் என்று ஆகிவிடாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

குற்றவாளி லைன்தானா?

லேப்டாப்பை லேன் கேபிள் போட்டு நேராக மோடத்தில் சொருகி வேகம் பாருங்கள். கேபிளில் நன்றாக வந்து வைஃபையில் மட்டும் நொண்டினால் இந்தக் கட்டுரை உங்களுக்கு இல்லை. மோடத்தை இடம் மாற்றி வைத்தாலே பாதி சரியாகிவிடும்.

கேபிளிலும் மெதுவாக இருந்தால் மோடத்தின் உள்பக்கத்தைத் திறக்க வேண்டும். பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று அடித்தால் பெரும்பாலும் வந்துவிடும். இல்லாவிட்டால் மோடத்தின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முகவரி இருக்கும். உள்ளே டிஎஸ்எல் ஸ்டேட்டஸ் என்ற பக்கத்தில் ஐந்து விஷயங்களைத் தேடி, தேதியும் நேரமும் போட்டு ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: சிங்க் வேகம், எஸ்என்ஆர் மார்ஜின், அட்டென்யுவேஷன், சிஆர்சி பிழை (வழியில் சிதைந்து வந்த டேட்டா) எண்ணிக்கை, லைன் அறுந்து கடைசியாக இணைந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்பது.

சிங்க் வேகம் என்பது மோடமும் மறுமுனைக் கருவியும் தங்களுக்குள் பேசி ஒத்துக்கொண்ட வேகம். ஸ்பீடு டெஸ்டில் வருவது எப்போதும் இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ஏடிஎஸ்எல்லில் டேட்டா 53 பைட் பொட்டலங்களாகப் போகிறது, அதில் 48 பைட்தான் சரக்கு, மற்றது மேல்தாள். அதனால் 8 மெகாபிட் சிங்க்கில் 7 மெகாபிட்டை ஒட்டிக் கிடைத்தால் அது பழுதே இல்லை. டவுன்லோடு பெட்டியில் காட்டும் மெகாபைட்டை எட்டால் பெருக்கிப் பார்க்க மறந்து சண்டைக்குப் போனவர்களையும் எனக்குத் தெரியும்.

மார்ஜின் என்பது இரைச்சலுக்கு மேல் சிக்னலுக்குக் கையில் மிச்சமிருக்கும் இருப்பு. பல லைன்களில் 6 டெசிபலைக் குறி வைத்துத்தான் வேகத்தை நிர்ணயிக்கிறார்கள். 10க்கு மேல் என்றால் நிம்மதி. மூன்று, இரண்டு என்று இறங்கினால் எந்த நிமிடமும் லைன் அறும்.

அட்டென்யுவேஷன் என்பது வழியில் சிக்னல் எவ்வளவு தேய்கிறது என்பதன் கணக்கு. ஏடிஎஸ்எல்லுக்கு உத்தேசமாகக் கிலோமீட்டருக்கு 14 டெசிபல் வைத்துக்கொள்ளலாம். 60ஐத் தொட்டால் எக்ஸ்சேஞ்ச் நாலு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது என்று அர்த்தம்; கம்பியின் நீளத்துக்கு வைத்தியம் கிடையாது. ஆனால் போன மாதம் 35 இருந்தது, இந்த மாதம் 48 காட்டுகிறது என்றால் கதையே வேறு. எக்ஸ்சேஞ்ச் நகர்ந்து போகவில்லை. நடுவில் எங்கோ ஜாயின்ட் கெட்டிருக்கிறது. தாளில் எழுதி வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

சிங்க் வேகமும் மார்ஜினும் நாள் முழுக்க அசையாமல் நிற்கின்றன, மாலையில் மட்டும் நெட் இழுக்கிறது என்றால் கம்பியைக் குற்றம் சொல்லாதீர்கள். அது கம்பெனியின் நெட்வொர்க்கில் நெரிசல். அல்லது உங்கள் வீட்டிலேயே ஏதோ ஒரு மொபைல் அன்றைய படங்களையெல்லாம் கிளவுடுக்கு ஏற்றிக்கொண்டிருக்கும். ஏற்றும் பாதை சின்னது. அது நிரம்பினால் இறக்கும் பாதையும் மூச்சு திணறும்.

சத்தத்தைக் கேளுங்கள்

வீட்டிலுள்ள எல்லா போன்களையும் மோடத்தையும் சுவரிலிருந்து கழற்றுங்கள். லைன் வீட்டுக்குள் நுழையும் முதல் பெட்டியில் வயர் போனை மட்டும் மாட்டுங்கள். கார்ட்லெஸ் வேண்டாம், அதற்கென்றே சொந்தமாக ஓர் இரைச்சல் உண்டு. டயல் டோன் வந்ததும் ஏதாவது ஒரே ஒரு எண்ணை அழுத்துங்கள். டோன் நின்று சில நொடிகள் அமைதி கிடைக்கும். அந்த அமைதியில் என்ன கேட்கிறது என்பதுதான் விஷயம்.

பட் பட் என்றோ கொரகொரவென்றோ கேட்டால் தளர்ந்த ஜாயின்ட், துரு, ஈரம் இவற்றில் ஒன்று. கம்பியை லேசாக ஆட்டும்போது சத்தம் கூடினால் இடம் கையிலேயே இருக்கிறது.

ம்ம்ம் என்று தாழ்வாக ரீங்காரம் கேட்டால், இரண்டு கம்பிகளில் ஒன்று எங்கோ பூமியைத் தொடுகிறது. ஜோடியின் சமநிலை குலைந்தால் அக்கம்பக்கத்து மின்சார லைனின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் உள்ளே வந்துவிடும். இது பெரும்பாலும் வெளியே உள்ள பழுது.

உஸ்ஸென்ற சீறல், அதுவும் மோடத்தை மாட்டிய பிறகு மட்டும் வந்தால், போனுக்குள் டேட்டா வராமல் தடுக்கும் ஃபில்டர் என்ற சின்னப் பெட்டி இல்லை அல்லது கெட்டுப்போய்விட்டது. நீங்கள் கேட்பது உங்கள் சொந்த டேட்டாவைத்தான்.

வேறு யாரோ பேசுவது தெளிவாகக் கேட்டால் கேபிளுக்குள் இரண்டு ஜோடிகளின் உறை சேதமாகி ஒன்றையொன்று தொடுகின்றன. சுவாரசியமாகத்தான் இருக்கும், ஆனாலும் புகார் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று உண்டு, பார்ப்பவர்களைக் குழப்பிவிடும்: போனில் டயல் டோனே இல்லை, ஆனால் நெட் ஊர்ந்துகொண்டாவது ஓடுகிறது. ஒரு கம்பி அறுந்திருந்தால் இப்படி ஆகும். நேர்மின்னோட்டத்தால் அறுந்த இடத்தைத் தாண்ட முடியாது, போன் செத்துவிடும். உயர் அதிர்வெண்ணோ அந்தச் சின்ன இடைவெளியைக் கொஞ்சம் கசிந்து கடந்துவிடும். சிங்க் வேகம் பாதாளத்தில், பிழைகள் ஆயிரக்கணக்கில். அப்போது "நெட் வருகிறதே, லைன் நல்லாத்தானே இருக்கிறது" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

முதல் பெட்டியில் சத்தமே இல்லை, ஆனால் உள் அறைப் பெட்டியில் கேட்கிறது என்றால் பழுது உங்கள் வீட்டு வயரிங்கில். முதல் பெட்டியிலேயே கேட்டால் அது கம்பெனியின் பொறுப்பு. இந்த ஒரு சோதனைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. இதைச் செய்யாமல் புது மோடம் வாங்கியவர்கள் ஏராளம்; நானும் ஒரு முறை வாங்கியிருக்கிறேன்.

போன் அடித்தால் நெட் அறுகிறது

லைனில் சாதாரணமாக 48 வோல்ட் நேர்மின்னழுத்தம் நிற்கும். மணி அடிக்கும்போது அதன்மேல் 75 முதல் 90 வோல்ட் வரை மாறுமின்னழுத்தம், நொடிக்கு 20, 25 தடவை ஆடும். லைனில் எங்கே பலவீனம் இருந்தாலும் இந்த உலுக்கலில் வெளியே வந்துவிடும்.

முதல் சந்தேகம் ஃபில்டர்மேல். மோடத்துக்குப் போகும் வயர் தவிர, லைனில் தொங்கும் ஒவ்வொன்றுக்கும் ஃபில்டர் வேண்டும்: போன், கார்ட்லெஸ்ஸின் அடிப்பெட்டி, ஃபேக்ஸ், அலாரம், காலர் ஐடி பெட்டி எல்லாவற்றுக்கும். என் வீட்டில் இரண்டு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகு, அலமாரிக்குப் பின்னால் தூசிக்குள் ஒரு சாக்கெட்டும், அதில் சொருகியபடியே மறந்துபோன காலர் ஐடி பெட்டி ஒன்றும் கிடைத்தன. திரை செத்துப் பல வருடம் ஆகியிருந்தது. ஆனால் லைனைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பிடுங்கி எறிந்ததும் மார்ஜின் 4 டெசிபல் ஏறியது.

மோடத்தை ஃபில்டரின் போன் துளையில் மாட்டியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள், அடிக்கடி நடக்கும் தவறு இது. ஃபில்டர்கள் விலை குறைந்த சாமான். சந்தேகம் வந்தால் சோதித்துக்கொண்டிராமல் மாற்றிவிடுங்கள்.

எல்லா போனையும் கழற்றிவிட்டு மொபைலிலிருந்து லேண்ட்லைனுக்கு அடித்துப் பாருங்கள். அப்போதும் நெட் அறுந்தால் ஃபில்டருக்கு விடுதலை. துருப்பிடித்த ஜாயின்ட் ஒன்று மின்தடை கூடிப்போய் நிற்கிறது. இதன் மறுபக்கமும் உண்டு: ரிசீவரை எடுத்தால் நெட் சரியாகிறது, வைத்துக் கொஞ்ச நேரம் ஆனதும் மறுபடி நொண்டுகிறது. ரிசீவரை எடுத்ததும் 20, 30 மில்லிஆம்பியர் ஓடும். அந்த ஓட்டம் ஜாயின்ட்டில் படிந்த துருப்படலத்தைத் தற்காலிகமாகத் துளைத்துவிடும். வைத்ததும் படலம் மெல்ல மூடிக்கொள்ளும். இப்படி நடந்தால் லைன்மேனிடம் இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். அனுபவமுள்ளவர் என்றால் அடுத்த கேள்வி கேட்காமல் ஜாயின்ட்டைத் தேடப் போய்விடுவார்.

மழை வந்தால் படுத்துவிடுகிறது

வெளியே ஜாயின்ட்டுக்குள் தண்ணீர் இறங்குகிறது, வேறு பெரிய ரகசியம் இல்லை. மழை பெய்யும்போதே படுத்தால் மேலே திறந்து கிடக்கும் இடம்: கம்பம், சுவரோரப் பெட்டி, உறை வெடித்த கேபிள். மழை நின்று ஒரு நாள் கழித்துப் படுத்தால் தண்ணீர் மெதுவாக ஊறும் இடம், பெரும்பாலும் தரைக்கடியில்.

கேபிள் சுவருக்குள் நுழையும் இடத்தைப் பாருங்கள். நுழைவதற்கு முன் கேபிள் கொஞ்சம் கீழே தொங்கி மேலேறினால் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும். நேராகச் சரிந்து இறங்கினால் கேபிள்மேலேயே வழிந்து பெட்டிக்குள் போகும். எங்கள் சுவரில் அப்படித்தான் இருந்தது. மூடியைத் திறந்தபோது ஸ்க்ரூ தலை இருந்த இடத்தில் மயில்துத்த நிறத்தில் ஒரு பொடி. செம்பு எங்கே, ஸ்க்ரூ எங்கே என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. கம்பியைத் தொட்டேன், கையோடு வந்துவிட்டது. அதுவரை மூன்று முறை ஆள் வந்து பார்த்துவிட்டு "லைன் ஓகே" என்று போயிருந்தார்கள். மூன்றும் வெயில் நாள்.

அந்தப் பெட்டி உங்களுடையது என்றால், கெட்ட கம்பியை வெட்டி, பளபளக்கும் செம்பு தெரியும்வரை உறையை உரித்து, புதிதாகப் பிணையுங்கள். முறுக்கி டேப் ஒட்டுவது சில மாதங்களுக்குத்தான் தாங்கும். ஜெல்லி நிரப்பிய சின்ன அழுத்து கனெக்டர்கள் உண்டு, லைன்மேன்கள் பயன்படுத்துவது. அவைதான் ஈரத்துக்கு நிற்கும். கம்பெனி முத்திரை வைத்த பெட்டி என்றால் திறக்காதீர்கள். இடி மின்னலின்போது எந்தப் பெட்டியிலும் கை வைக்காதீர்கள். மழை இல்லாத நாளிலும் மணி அடிக்கிற நேரத்தில் வெறுங்கம்பியைப் பிடித்தால் நல்ல உதறல் கிடைக்கும்.

பகலில் ஓடுகிறது, இருட்டியதும் இறங்குகிறது

இங்கே நெரிசலைப் பற்றிச் சொல்லவில்லை. மார்ஜினே பொழுது சாயும்போது இறங்கி, விடிந்ததும் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறி இறங்கினால் காரணம் வானொலி. மத்திய அலை வானொலி 530 முதல் 1,700 கிலோஹெர்ட்ஸ் வரை. அதாவது ஏடிஎஸ்எல் புழங்கும் அதே தெரு. பகலில் வான்மண்டலத்தின் கீழ் அயனியடுக்கு தூரத்து நிலையங்களை விழுங்கிவிடும். இரவில் அந்த அடுக்கு கரைந்துபோக, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நிலையங்களும் எட்டிப் பார்க்கும். உங்கள் கம்பி அதற்கு ஓர் ஏரியல்.

இரண்டு மூன்று டெசிபல் இறக்கம் எல்லா லைனிலும் இருக்கும். அதற்கு மேல் இறங்கினால் ஜோடியின் சமநிலை எங்கோ கெட்டிருக்கிறது. உங்கள் கையில் இருப்பது சாக்கெட்டிலிருந்து மோடம் வரை ஓடும் அந்தத் தட்டை வயர். அதற்குள் கம்பிகள் முறுக்கப்பட்டிருக்காது. பத்து மீட்டர் தட்டை வயர் என்பது பத்து மீட்டர் ஏரியல். அதைக் குட்டையாக்குங்கள், அல்லது முறுக்கிய ஜோடி உள்ள கேபிளாக மாற்றுங்கள். மோடத்தை முதல் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு லேன் கேபிளை நீட்டுவது இன்னும் உத்தமம்.

குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் பிழைகள் கொட்டுகின்றன

சிஆர்சி எண்ணிக்கை மணிக்கணக்கில் சும்மா இருந்துவிட்டு திடீரென்று ஆயிரக்கணக்கில் எகிறினால், யாரோ எதையோ ஆன் செய்கிறார்கள். மலிவான எல்இடி பல்ப், சார்ஜர், டிம்மர், அலங்கார விளக்குச் சரம், மோட்டார், லிஃப்ட் எல்லாமே சந்தேகப் பட்டியலில்.

பேட்டரியில் ஓடும் மத்திய அலை ரேடியோ ஒன்று போதும். எந்த நிலையமும் இல்லாத இடத்தில் நிறுத்தி, சத்தத்தைக் கூட்டி, வீடு முழுக்க நடங்கள். குற்றவாளியை நெருங்க நெருங்க ரேடியோ ரீங்கரிக்கும். எதுவும் சிக்காவிட்டால் வீட்டின் மெயினையே அணைத்துப் பாருங்கள். ரேடியோ அப்போதும் கத்தினால் பிரச்சினை பக்கத்து வீட்டில் அல்லது தெருவில். நான் தேடியபோது கிடைத்தது என்ன தெரியுமா? மோடத்தின் சொந்த அடாப்டர். பழசாகி உள்ளே கெபாசிட்டர் உப்பியிருந்தது. அதே வோல்ட், அதே ஆம்பியரில் வேறு அடாப்டர் போட்டதும் ரேடியோ அடங்கியது.

வீட்டு வயரிங்கின் தொங்கல்கள்

பயன்படுத்தாத அறைகளுக்குப் போகும் எக்ஸ்டென்ஷன் கம்பிகளை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மறுமுனையில் எதுவும் இல்லாமல் தொங்கும் கம்பியில் போகும் சிக்னல் முட்டித் திரும்பி வந்து, புதிதாக வருவதோடு மோதும். கம்பியின் நீளம் எந்த அதிர்வெண்ணின் கால் அலைநீளமோ, அங்கே பெரிய பள்ளம் விழும். கணக்குப் போட்டால் 50 மீட்டர் தொங்கல் சுமார் 1 மெகாஹெர்ட்ஸில் அடிக்கும். அது ஏடிஎஸ்எல்2 பிளஸின் நடு மடி. 20 மீட்டர் என்றால் 2.5 மெகாஹெர்ட்ஸ்; ஏடிஎஸ்எல் பெரும்பாலும் தப்பிக்கும், விடிஎஸ்எல் மாட்டிக்கொள்ளும். முதல் பெட்டியிலேயே அந்தக் கம்பிகளைக் கழற்றிவிட்டு சிங்க் பாருங்கள். கூடினால் கழற்றியது கழற்றியபடியே இருக்கட்டும்.

விளக்குகள் பற்றி ஒரு வார்த்தை

டிஎஸ்எல் விளக்கு மின்னிக்கொண்டே இருந்தால் லைன் பழுது. அது நிலையாக எரிந்து, இன்டர்நெட் விளக்கு மட்டும் சிவப்பாக நின்றால் யூசர்நேம், பாஸ்வேர்டு அல்லது கணக்குப் பிரச்சினை, கம்பியைத் தொடாதீர்கள். மோடத்தின் பின்னால் உள்ள சின்னத் துளையில் ஊசி விட்டு ரீசெட் செய்யச் சொல்லும் நண்பர்களை நம்பாதீர்கள். இருந்த செட்டிங்கும் போய்விடும்.

அடிக்கடி அணைத்துப் போடாதீர்கள் என்றது ஏன்

பல நெட்வொர்க்குகளில் மறுமுனையில் ஒரு நிரல் உங்கள் லைனைக் கண்காணிக்கிறது. ஒரு நாளில் பலமுறை அறுந்தால், "இந்த லைன் நிலையாக இல்லை" என்று அது தானாகவே முடிவு கட்டும். மார்ஜின் குறியை 6லிருந்து 9க்கோ 12க்கோ ஏற்றும், அல்லது டேட்டாவைக் கலைத்துப் பின்னும் இன்டர்லீவிங்கைப் போட்டுவிடும். முதலாவதில் வேகம் குறையும், இரண்டாவதில் தாமதம் கூடும். கோபத்தில் நாலு முறை நீங்கள் அணைத்ததையும் லைன் பழுதினால் அறுந்ததையும் அது எப்போதும் பிரித்துப் பார்க்கும் என்று சொல்ல முடியாது. பழுதைச் சரிசெய்த பிறகும் வேகம் ஏறவில்லை என்றால் சில நாள் தொடாமல் விடுங்கள். அப்படியும் ஏறாவிட்டால் லைன் புரொஃபைலை, அதாவது அந்த நிரல் உங்கள் லைனுக்குப் போட்ட அமைப்பை, ரீசெட் செய்யச் சொல்லி கம்பெனியிடம் கேளுங்கள்.

புகார் கொடுக்கும்போது

"நெட் ஸ்லோ" என்று ஆரம்பித்தால் மோடத்தை அணைத்துப் போடச் சொல்வார்கள், அதோடு புகார் முடிந்தது. "போனில் கரகரப்பு, முதல் பெட்டியிலேயே கேட்கிறது, வேறு எதுவும் மாட்டவில்லை" என்று சொல்லுங்கள். பேச்சில் வரும் பழுதை அவர்களால் தட்டிக்கழிக்க முடியாது, கம்பியைப் பார்க்க ஆள் வந்தே ஆக வேண்டும். மழை நாள் பழுது என்றால் மழை பெய்யும்போதே, முடிந்தால் சத்தத்தை மொபைலில் பதிந்துகொண்டு, புகார் கொடுங்கள். எழுதி வைத்த தாளை லைன்மேனிடம் காட்டுங்கள். பழைய ஜோடியைச் சரிசெய்ய முடியாவிட்டால் கேபிளில் காலியாக இருக்கும் வேறு ஜோடிக்கு மாற்றித் தர முடியுமா என்று அவரிடமே கேட்கலாம். அவர் கருவிகளை எடுத்து வைப்பதற்கு முன் ஒரு எண்ணை அழுத்தி, ரிசீவரை அவர் காதிலும் ஒரு தடவை கொடுங்கள்.